டம்மிதான், தூக்கு

மதுரை மத்திய சிறை
2.3.2024

அன்புத் தங்கை யுவராணிக்கு,

அண்ணன் வேல்பாண்டி எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் உன் மகள் கயலும் உன் மாமனாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். போன் பேச விடுகிறார்கள். மூன்று தடவை உன் எண்ணுக்குப் போட்டேன். மணி அடித்து நின்றுவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வக்கீல் காமராஜ் வந்து பார்த்தார். மாப்பிள்ளை தமிழ்மாறனை நான் வேண்டுமென்றே சுட்டதாகக் கொலை வழக்குத்தான் போட்டிருக்கிறார்களாம். உன் மாமனார் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் நானும் பஸ் ஸ்டாண்டில் சத்தம் போட்டுக்கொண்டதைப் பார்த்தவர்களும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

போதாததற்கு என் மாடி அறை. அந்த ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனவர்கள், மீதி அறுபத்து மூன்றையும் 'ஆயுதங்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். அரிவாள் இருபத்தொன்று, வாள் ஒன்பது, கத்தி பதினாறு, துப்பாக்கி பதினேழு. அப்படியே கோர்ட்டில் படித்தால் கேட்பவர் என்ன நினைப்பார்? பதினைந்து வருஷமாகச் சினிமாக் கம்பெனிகள் ஷூட்டிங் முடித்துக் கழித்துப் போட்டதைத் தேடித் தேடிச் சேர்த்தேன். ரப்பரும் மரமும் ஃபைபரும். அத்தனையும் சேர்ந்தாலும் ஒரு கீரைக்கட்டை அறுக்காது.

அறைக்குப் போலீஸ் வைத்த சீல் முத்திரையை எடுத்துவிட்டார்களாம். நீ சின்னமனூருக்குப் போய் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எதனால் செய்தது என்று எழுதி வக்கீலிடம் கொடுக்க வேண்டும். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் கேட்கக் கூடாத உதவி. நமக்கு அப்பா அம்மா இல்லை. வேறு யாரைக் கேட்பேன்?

இன்னொன்று. அன்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே. இங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள். நீ அடுப்படியில் இருந்தாய். சத்தம் கேட்டு மாடிக்கு ஓடி வந்தாய். அவ்வளவுதான்.

கயலுக்கு என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்
வேல்பாண்டி


மதுரை
30.3.2024

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்கு ஒரு வரி எழுது. போன கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. கோபத்தில் இருந்தால் கோபமாகவே எழுது, பரவாயில்லை.

வக்கீல் மறுபடி வந்தார். பட்டியல் கேட்கிறார். அடுத்த மாசம் குற்றப்பத்திரிகை போட்டுவிடுவார்களாம்.

அண்ணன்
வேல்பாண்டி


ஓடைப்பட்டி
19.4.2024

அண்ணனுக்கு,

யுவராணி எழுதுவது. இரண்டு கடிதமும் வந்தன. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கயல் ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்தாள். வீட்டில் பேசுவதில்லை. உன்னை மாமா என்று சொல்வதில்லை, 'அந்த ஆளு' என்கிறாள். ஒரு நாள் அதட்டினேன். "நீ ஏம்மா அந்த ஆளுக்குப் பரிஞ்சு பேசுற?" என்று கேட்டாள்.

என் மாமனார் பகலெல்லாம் திராட்சைப் பந்தலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். கொடியை வெட்டிவிட்ட கடைசிக் கவாத்து அவர் பையன் கைபட்டது. அதில் வந்த பழத்தை வெட்ட ஆளை உள்ளே விட மாட்டேன் என்கிறார். பழம் கொடியிலேயே வெடித்து ஒழுகுகிறது. தேனீயும் குளவியும் மொய்க்கிறது. மருந்துக்காரர், வியாபாரி, யார் வந்தாலும், "ஏலே, எம் மகன் வந்து வெட்டட்டும், போங்கலே" என்று விரட்டுகிறார்.

சின்னமனூர் வீட்டைப் போய்த் திறந்தேன். மாடி அறையை யாரும் கழுவவில்லை. நான்தான் கழுவினேன். மூன்று வாளித் தண்ணீர் போதவில்லை. சிமென்ட் தரை உள்ளே இழுத்துவிட்டது, போகாது.

அரிவாள், வாள், கத்தி எல்லாவற்றையும் படம் எடுத்தேன். எது ரப்பர் எது ஃபைபர் என்று எனக்குத் தெரியவில்லை. துப்பாக்கிகளை நான் தொடவில்லை. தொட மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

யுவராணி


மதுரை
6.5.2024

அன்புத் தங்கைக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன். வெயில் அங்கேயும் அதிகமாக இருக்கும். கயலை மோர் குடிக்கச் சொல்.

துப்பாக்கிகளை நீ தொடவே வேண்டாம். வக்கீலின் குமாஸ்தா எடுத்துக்கொள்வார். மற்றவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு படத்துக்கு ஒரே அரிவாளை நாலு விதமாகச் செய்வார்கள். ஓடும்போது இடுப்பில் சொருகிக்கொள்ள ரப்பர். வீசிச் சண்டை போட ஃபைபர். பின்னால் நிற்கும் கூட்டத்தின் கையில் மரம், மேலே வெள்ளிப் பெயின்ட். கேமரா பக்கத்தில் வரும்போது மட்டும் இரும்பு, அதைக் குளோசப் பீஸ் என்பார்கள். அதிலும் கூர் இருக்காது. கையில் வாங்கி எடை பார். முதுகில் விரலால் தட்டு. ஃபைபர் என்றால் 'டொக்'கென்று செத்த சத்தம் வரும். இரண்டு அச்சையும் ஒட்டிய கோடு பிடியில் மெல்லிசாகத் தெரியும். நகத்தால் கீறினால் ரப்பர் நகத்தோடு வரும்.

பிடியில் சிவப்பு நூல் சுற்றிய வாள் ஒன்று இருக்கும். பிடிக்குள்ளே ரப்பர்க் குழாய் ஓடும். அழுத்தினால் முனையில் சிவப்புத் தண்ணீர் வரும். அந்த மாதிரி இப்போது யாரும் செய்வதில்லை. ஜாக்கிரதை.

கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் என்னிடம் பொருளை அனுப்பிக் கேட்பார்கள். ஷூட்டிங்கில் இருந்ததா, கடையில் செய்த நகலா, பத்துக்கு எத்தனை மார்க் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. வேல்பாண்டி சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பெயர் இருந்தது. மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிப் பிழைக்கிறவனுக்கு அது பெரிய விஷயம், ராணி.

பட்டியலுக்கு உன் படங்களே போதும். அலமாரியில் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று கிடக்கும். பழசு. கரையான் அரித்தது. அதைத் தேடி நேரத்தை வீணாக்காதே.

அண்ணன்
வேல்பாண்டி


ஓடைப்பட்டி
9.6.2024

அண்ணனுக்கு,

யுவராணி எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? சளி பிடித்திருந்ததாக வக்கீல் சொன்னார்.

நீ சொன்னபடி எடை பார்த்து, தட்டிப் பார்த்து எழுதிவிட்டேன். ரப்பர் பதினொன்று, மரம் ஆறு, ஃபைபர் இருபத்தி மூன்று, இரும்பு ஆறு. துப்பாக்கி பதினேழையும் குமாஸ்தா எழுதினார். எல்லாம் பிசினில் வார்த்ததும் விளையாட்டுத் துப்பாக்கிக்குப் பெயின்ட் அடித்ததும்தானாம்.

கூடலூர் முத்துக்கருப்பனின் மனைவி பவுனு போன வாரம் என்னைத் தேடி வந்தாள். முத்துக்கருப்பன் உனக்கு ஷூட்டிங் சாமான் கொண்டுவந்து கொடுப்பவர் என்பது எனக்குத் தெரியும். அந்தத் துப்பாக்கியை டம்மி என்று சொல்லித் தந்தது அவர்தான் என்று நீ போலீசில் சொன்னதால் அவரையும் உள்ளே வைத்துவிட்டார்களாம். வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூட அவளுக்குத் தைரியமில்லை. "யக்கா, எங்க வீட்டு ஆளு அப்படிச் சொல்லலைன்னு சாமி மேல சத்தியம் பண்றாக. ஒங்க அண்ணன் எதுக்கு இப்படிச் சொன்னாகன்னு கேட்டுச் சொல்லுங்க" என்று அழுதாள். மாமா பார்ப்பதற்குள் அனுப்பிவிட்டேன்.

அவளுக்காகக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். எனக்காகவும் கேட்கிறேன். அந்தத் துப்பாக்கி எப்படிப்பட்டது என்று உனக்கு உண்மையாகவே தெரியாதா?

யுவராணி


மதுரை
27.6.2024

அன்புத் தங்கைக்கு,

சளி சரியாகிவிட்டது. உனக்கு மழைத் தொந்தரவு இருக்குமே. மேகமலைப் பக்கம் நல்ல மழை என்று இங்கே ஒருவர் பேப்பரில் படித்தார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் மேகமலை ரோட்டில் ஒரு படம் எடுத்தார்கள். பாதியில் நின்றுபோனது. சாமான்களை முத்துக்கருப்பன் வீட்டில் போட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. போன வருஷம் ஒரு மூட்டையாக எனக்குக் கொடுத்தான். அதில் அதுவும் இருந்தது. மூட்டையில் இருந்த மற்ற எல்லாம் டம்மி. பார்வைக்கு அதுவும் அப்படித்தான் இருந்தது. நல்ல வேலைப்பாடு என்றுதான் யாருக்கும் தோன்றும். முத்துக்கருப்பன் என்ன சொன்னான், நான் என்ன கேட்டேன் என்பதெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

பவுனை வீட்டுக்கு வர விடாதே. உன் மாமனார் தப்பாக நினைப்பார்.

நீ நன்றாகத் தூங்கு. எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அண்ணன்
வேல்பாண்டி


மதுரை
25.8.2024

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். இரண்டு மாசமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கயலுக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே?

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். விசாரணை தொடங்கும் நாளில் ஜட்ஜ் கேட்டால், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லிவிடப் போகிறேன். வக்கீல் திட்டுகிறார். கொலை என்று ஒத்துக்கொண்டால் ஆயுள் என்கிறார். ஆனால் சாட்சிக் கூண்டில் உன்னை ஏற்றி யாரும் குறுக்கு விசாரணை பண்ண மாட்டார்கள். கயலையும் கூப்பிட மாட்டார்கள். எனக்குக் குடும்பமா குழந்தையா? எங்கே இருந்தால் என்ன?

இதற்குப் பதில் வேண்டாம். கயலை நன்றாகப் படிக்க வை.

அண்ணன்
வேல்பாண்டி


ஓடைப்பட்டி
22.9.2024

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கவில்லை. பிரித்துப் படிக்கிற ஐயா யாராக இருந்தாலும் முழுதாகப் படித்துக்கொள்ளட்டும்.

நீ அனுப்பிய கடைசிக் கடிதத்துக்கு முன்பே பச்சை நோட்டை எடுத்துவிட்டேன். பவுனு அழுததும், நீ நழுவி நழுவி எழுதியதும் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. நீயே அது எங்கே இருக்கிறது என்று சொல்லியிருந்தாய். கரையான் ஒன்றும் அரிக்கவில்லை. அறுபத்து நாலாம் எண்ணை உன் கையெழுத்தில் அப்படியே எழுதுகிறேன்:

"நீளம் நாலடி. எடை மூன்று கிலோ நூறு கிராம். குழல் இரும்பு, உள்ளே வெடிமருந்து வாடை. அசல். மலையில் பன்றிக்கு வைத்திருந்தது. குதிரைக்கு அடியில் செம்புக் கேப் பச்சை பிடித்து ஒட்டியிருக்கிறது. எடுத்தால் பழமை போய்விடும், எடுக்கவில்லை. குழலுக்குள் கம்பி விட்டுப் பார்க்கவில்லை, வாயில் துரு உதிரும். பத்துக்குப் பத்து. கேட்பவர்களிடம் டம்மி என்றே சொல்ல வேண்டும்."

தேதி போட்டிருக்கிறாய். 3.9.2023. கயலின் அப்பா செத்தது காணும் பொங்கலுக்கு. நாலரை மாசம் அது உன் சுவரில் தொங்கியிருக்கிறது.

இப்போது நடந்ததை எழுதுகிறேன். நீ எழுதக் கூடாது என்றாய். எட்டு மாசம் எழுதாமல் இருந்தேன்.

அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்தது. கயல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு தெருவில் நின்றாள். பிள்ளை நடமாடும் வீட்டில் இந்தச் சாமானெல்லாம் எதற்கு என்று சொல்லித்தான் அவர் உன்னோடு பஸ் ஸ்டாண்டில் சண்டை போட்டார். இரண்டு வருஷமாக அந்த அறையில் கால் வைக்கவில்லை. அன்று எனக்காக மாடியேறி வந்தார். அண்ணன் தங்கை உறவு தன்னால் அறுந்துபோகக் கூடாது என்று வந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் சுவரைக் காட்டி, "மச்சான், இது மட்டும் நெசம் மாதிரியே இருக்கே" என்றார்.

நீ ஒன்றும் சொல்லவில்லை.

அவர் சுவரோரம் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். "ராணி, எடுத்துச் சுடுறீ பாப்போம். பதினாலு வருசமா வாயாலதான சுடுற" என்றார். நான் எடுத்தேன். கனம் கையை இழுத்தது. "அண்ணே, இது நெசத் துப்பாக்கி இல்லையில்ல?" என்று உன்னைத்தான் கேட்டேன். நீ, "டம்மிதான், தூக்கு" என்றாய்.

தூக்கினேன். மேலே இருந்த குதிரைக் கொக்கியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து, விசையை அழுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

நீ அதை என் கையிலிருந்து பிடுங்கினாய். "நீ அடுப்படியில இருந்த. கயலுக்கு ஆத்தாவாச்சும் வேணும்" என்று என்னைத் தள்ளினாய். நான் உன் பேச்சைக் கேட்டேன். எனக்காக அண்ணன் ஜெயிலுக்குப் போகிறான் என்று நினைத்து உன் கடிதங்களைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். மாமாவுக்குத் தட்டு வைக்கும்போது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன். எட்டு மாசம், அண்ணே. நீ ஒரு நாளாவது வாயைத் திறந்திருந்தால், அவரைக் கொன்றவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்பதாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

உண்மையை எழுது. எழுதாவிட்டால் இதுதான் கடைசிக் கடிதம்.

யுவராணி


மதுரை
6.10.2024

ராணிக்கு,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது அதிகாரி என் முகத்தையே பார்த்தார். பத்து நாள் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன்.

எனக்குத் தெரியும். கையில் வாங்கிய நிமிஷமே தெரியும். முத்துக்கருப்பன் ஒளிக்கவில்லை. "அண்ணே, இது மலையில ஒருத்தர்கிட்ட ஒரு ஷாட்டுக்கு வாங்கிட்டு வந்த நெசச் சாமான். திருப்பிக் குடுக்காமயே போய்ட்டாக. போலீஸ்ல ஒப்படைச்சிருவமா?" என்று கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். என்னிடம் இருக்கட்டும், யாரிடமும் சொல்லாதே என்றேன். அவன் சொல்லவில்லை. அவன் மேலேயே பழியைப் போட்டேன்.

பதினைந்து வருஷமாக நகல்களையே தொட்டுத் தொட்டுப் பார்த்தவன். முதல் தடவையாக அசல் ஒன்று வந்தது. அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. உள்ளே மருந்து கெட்டித்திருக்கும் என்று நினைக்கவில்லை. வெறும் குழல் என்றுதான் நினைத்தேன். கம்பி விட்டிருந்தால் தெரிந்திருக்கும். மருந்தைப் பற்றவைக்கும் அந்தக் கேப்பைக் கழற்றியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. இரண்டு நிமிஷ வேலை. மார்க் குறைந்துவிடும் என்று செய்யவில்லை.

இதற்கு மேலே ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளை 'நெசம் மாதிரியே இருக்கே' என்றதும், இவர் கண்டுபிடித்துவிட்டார், போலீசில் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அப்போதுதான் நீ எடுத்தாய். உன் கையிலிருந்து வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கலாம். நீ பயமில்லாமல் தூக்கிக் குறி பார்த்தால் அவர் அதை டம்மி என்று நம்பிவிடுவார் என்று தோன்றியது. அதனால்தான் தூக்கு என்றேன். அவரை நம்ப வைக்க உன்னைத் தூக்க வைத்தேன்.

பிறகு துப்பாக்கியைப் பிடுங்கியது உனக்காக என்று நீ நினைத்தாய். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். நான் அசல் என்று தெரிந்தே வைத்திருந்தேன் என்பதை யாரும் கேட்காமல் இருக்க, நானே சுட்டேன் என்று சொல்வது எனக்கு லேசாக இருந்தது. உன் முகத்தைப் பார்த்து, தெரியும் என்று சொல்வதைவிட ஆயுள் தண்டனை லேசாக இருந்தது.

நீ என்ன செய்தாலும் சரி.

வேல்பாண்டி


ஓடைப்பட்டி
18.11.2024

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. பதினைந்து வருஷத்தில் நீ என்னோடு பேசியதிலேயே எதையும் மறைக்காத பேச்சு அதுதான்.

நடந்தவற்றைச் சொல்கிறேன். பச்சை நோட்டையும் உன் கடிதத்தையும் வக்கீலிடம் கொடுத்தேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஏம்மா, இதக் குடுத்தா ஒம் பேரும் கேஸ்ல வரும். நல்லா யோசிச்சியா?" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். தேனியில் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தேன். எழுதிக்கொண்டிருந்த அம்மா ஒரு இடத்தில் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். கயலின் அப்பா சிரித்துக்கொண்டு நின்றார் என்று நான் சொன்ன இடத்தில்.

மறுபடி விசாரித்தார்கள். அறைச் சுவரை அளந்தார்கள். கயலைக் கேட்டார்கள். கொலை என்பதை எடுத்துவிட்டு, கவனக்குறைவால் மரணம் என்று மாற்றுகிறார்களாம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்ததும், பொய் சொன்னதும் உன் மேல் தனியாக இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் நீ முதல் எதிரி, நான் இரண்டாவது எதிரி. எனக்கு அன்றே ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். முத்துக்கருப்பன் வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்கப் போனேன். பவுனு உட்காரச் சொன்னாள். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் கிளம்பும்வரை வரவில்லை.

மாமாவுக்கு வேறு யாரும் சொல்லிவிடக் கூடாது என்று வாக்குமூலத்துக்கு முதல் நாள் பந்தலுக்குப் போய் நானே சொன்னேன். முழுவதும் கேட்டார். கையில் கவாத்துக் கத்தரி இருந்தது. அதைக் கீழே வைத்தார். "அப்ப இத்தன மாசமா எனக்குச் சோறு போட்டது அந்தக் கைதானா, ஆத்தா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் மாமா என்றேன்.

வீட்டை விட்டுப் போ என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. அன்றிலிருந்து வீட்டில் சாப்பிடுவதில்லை. மூன்று வேளையும் தெருமுக்குக் கடையில் சாப்பிடுகிறார். நான் தினமும் சமைத்துத் தட்டு வைக்கிறேன். தட்டு அப்படியே இருக்கிறது.

யுவராணி


மதுரை
12.1.2025

ராணிக்கு,

எனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. தினமும் சின்னமனூர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் ஜாமீன் பேப்பர் வந்துசேர இன்னும் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்கிறார்கள்.

மாடி அறையில் இருப்பதை எல்லாம் கோர்ட் என்ன செய்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு வருஷத் திதி வருகிறது. அந்த நேரத்தில் இதைக் கேட்கிறேன். மன்னித்துக்கொள். நான் எங்கே வருவது? வரலாமா? வேண்டாம் என்றால் கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்க அனுமதி கேட்டு வக்கீலை மனுப் போடச் சொல்கிறேன்.

வேல்பாண்டி


ஓடைப்பட்டி
23.1.2025

அண்ணனுக்கு,

யுவராணி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. திதி முடிந்தது. மாமா வந்து உட்கார்ந்தார், பிண்டம் வைத்தார், எழுந்து பந்தலுக்குப் போய்விட்டார். இந்தக் கவாத்தை ஆள் விட்டு முடித்துவிட்டோம். அவர் தடுக்கவில்லை.

கயலுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸ் கேட்டபோது அரையும் குறையுமாகத் தெரிந்துகொண்டிருந்தாள். ஸ்கூல் விட்டு வந்து பையைக் கூட வைக்கவில்லை, நேராகக் கேட்டாள்.

"சுட்டது நீயாம்மா?"

"ஆமா."

"நெசத் துப்பாக்கின்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்த ஆளுக்கு?"

"தெரியும். டம்மின்னு சொன்னாக."

பையை வைத்துவிட்டு முகம் கழுவினாள், யூனிஃபார்மைத் துவைத்துக் காயப்போட்டாள், வீட்டுப்பாடம் எழுதினாள். இரண்டு நாள் என் பக்கத்தில் வரவில்லை. தலையைத் தானே கோணல் மாணலாகப் பின்னிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் காலையில் சீப்பைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் பின்னிவிட்டேன். எழுந்து போகும்போது கேட்டாள், "அவரு ஏன் பொய் சொன்னாரு?" என்று.

நீ உண்மையை எழுதிய கடிதத்தை எடுத்து அவளிடம் கொடுக்கலாமா என்று நினைத்தேன். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. கொடுக்கவில்லை. அதை நான் சொல்லக் கூடாது, எழுத்திலும் அவள் படிக்கக் கூடாது.

கோயம்புத்தூருக்குப் போகாதே. வெளியே வந்ததும் முதலில் கூடலூருக்குப் போய் முத்துக்கருப்பன் முன்னால் நில். அவர் எழுந்து போனாலும் அவர் பெண்டாட்டி காதில் விழும்படி சொல்லிவிட்டு வா. பிறகு ஓடைப்பட்டிக்கு வா. ஞாயிற்றுக்கிழமை பகலில் வா, கயல் வீட்டில் இருப்பாள். மாமா வாசலில் இருந்தால் அவரும் கேட்கட்டும்.

எனக்கு எழுதியதை அவளிடம் வாயால் சொல். என்னை ஏன் தூக்க வைத்தாய் என்பதையும் சொல். பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்று ஒரு வார்த்தையும் குறைக்காதே. அவள் எத்தனை தடவை கேட்டாலும் அத்தனை தடவை சொல்.

அதற்குப் பிறகு உன்னை உள்ளே வரச் சொல்வதோ, போகச் சொல்வதோ அவள் பாடு. அவள் என்ன சொன்னாலும் நான் குறுக்கே வர மாட்டேன்.

யுவராணி